கட்டம் நிரம்பினால் போதுமா?

இணையத்தை வானொலியில் எடுத்துச் சொன்ன ஊர், இலங்கை மலையகத்தின் கொத்மலை. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலிக்கு, தொண்ணூறுகளின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு இணைய இணைப்புக் கிடைத்தது. வீட்டில் கணினி இல்லாத நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் அதற்குரிய இணையத்தளத்தைத் திறந்து, அங்கே இருப்பதை உள்ளூர் மொழியில் விளக்குவார். உடல்நலம் பற்றியதென்றால் விஷயம் தெரிந்த மருத்துவர் ஒருவரும் நிலையத்துக்கு வந்து அமர்வார். சிங்களமே முதன்மை மொழி என்பதால் தோட்டத்துத் தமிழருக்கு அது எவ்வளவு எட்டியது என்பது வேறு கேள்வி. ஆனாலும் திரையைக் காண முடியாதவருக்குத் திரையில் உள்ளதைச் சொல்வது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல முன்மாதிரி நம் பக்கத்தில் இல்லை.

அதே வேலையை இன்று செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கிறோம். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் ஒரு படத்தை எட்டும்போது வாசிப்பதற்கென்று பக்கத்தின் நிரலில் எழுதிவைக்கும் சிறு குறிப்பே மாற்றுரை, அதாவது ஆல்ட் டெக்ஸ்ட். அது இல்லையென்றால் பல வேளைகளில் கோப்பின் பெயரே எழுத்தும் எண்ணுமாகக் காதில் விழும். 1999இல் வெளிவந்த இணைய அணுகல் வழிகாட்டியின் முதல் விதியே இதைத்தான் கேட்டது. இருந்தும், ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை ஆராயும் வெப்எய்ம் அமைப்பின் அண்மைக் கணக்குகளில், பாதிக்கும் மேற்பட்டவற்றில் மாற்றுரை இல்லாத படங்கள் உண்டு. கால் நூற்றாண்டாக மனிதர் செய்யாமல் விட்ட வேலையை இயந்திரம் செய்ய வந்திருக்கிறது. அதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது.

தமிழ் ஆவணக் காப்பகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னார்வலர்களின் உழைப்பில் சேரும் பழைய புகைப்படங்களைப் பட்டியலிடவே ஆள் போதாது. லயக் குடியிருப்புகள், தோட்டப் பாடசாலைகள், வேலைநிறுத்தக் கூட்டங்கள் என ஒவ்வொன்றுக்கும் ஒருவர் உட்கார்ந்து விவரம் எழுதட்டும் என்றால் அந்த வேலை நம் காலத்தில் முடியாது. இயந்திரம் முதல் வரைவைத் தந்தால் திருத்துவதற்கு ஒருவர் போதும். வாசிப்பவரின் கையில் கருவி இருக்கும்போது அதன் பயன் இன்னும் தெளிவு. பார்வையற்றோருக்குத் தன்னார்வலர்களை வீடியோ அழைப்பில் இணைத்துவந்த ‘பி மை ஐஸ்’ செயலி, 2023இல் ஜிபிடி-4 மாதிரியைச் சேர்த்துக்கொண்டது. அங்கே கேட்பவர் மறுபடி கேட்கலாம், சந்தேகப்படலாம், விடையை ஒதுக்கிவிட்டு மனிதரை அழைக்கலாம்.

சிக்கல், தள உரிமையாளர் ஒரே அழுத்தில் ஆயிரம் படங்களுக்கு விவரம் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காதபோதுதான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எடுத்த ஒரு படம் இருக்கிறதென்று வையுங்கள். கணக்கப்பிள்ளை நிறுக்கிறார், பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். சம்பளமும் நிறையில் பிடிக்கும் கழிவும் பற்றிய கட்டுரைக்கு அந்தப் படம் சாட்சி. கருவியோ ‘தேயிலைத் தோட்டத்தில் கூடைகளுடன் நிற்கும் பெண்கள்’ என்று எழுதிவிட்டுப் போகும். பிழை ஒன்றும் இல்லை. படம் எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்பது மட்டும் போய்விட்டது. 1985இல் பணி முடிந்த கொத்மலை அணையின் நீருக்குள் போன கடதொர விகாரையின் மிச்சங்கள், நீர்மட்டம் தாழும்போது வெளியே தெரியும். அவற்றின் படத்துக்கு ‘ஏரியில் பழைய கட்டடம்’ என்ற விவரம் கிடைத்தால், அணைக்காக ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர்களின் கதை அதில் எங்கே? பக்கத்தையும் சேர்த்து வாசிக்கும் கருவிகள் இதில் ஓரளவு தேறும். பெரும்பாலும் நாம் படத்தை மட்டுமே கொடுக்கிறோம்.

2016இல் ஃபேஸ்புக் தானாக மாற்றுரை எழுதும் வசதியைக் கொண்டுவந்தபோது ‘படத்தில் இருக்கக்கூடியவை: மூவர், புன்னகை, வெளியிடம்’ என்ற பாணியில்தான் சொன்னது. அந்த ‘இருக்கக்கூடியவை’ எனக்குப் பிடித்த சொல். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டது. இன்றைய மாதிரிகள் தயக்கமில்லாத முழு வாக்கியம் பேசுகின்றன; தவறும் அதே குரலில்தான் வருகிறது. மாற்றுரைக் கட்டமே இல்லாத படத்தை அணுகல் சோதனைக் கருவி சுட்டிக்காட்டும். நிரம்பிய கட்டத்தில் இருப்பது பொய்யானாலும் பச்சைக் குறிதான். எல்லைக்கோடு, பின்னணிப் பூவேலை போன்ற அலங்காரப் படங்களுக்கு மாற்றுரையை வெறுமையாக விடுவதே சரி. விவரம் எழுதும் கருவியோ அவற்றையும் வர்ணித்துக் கேட்பவரின் நேரத்தைத் தின்னும்.

ஏஐ கருவியைப் போட்டால் எந்தத் தளமும் அணுகல் விதிகளுக்கு உட்பட்டுவிடும் என்று விளம்பரம் செய்த ஆக்சஸிபி நிறுவனம் பத்து லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் உத்தரவிட்டது. இலங்கையும் 2016இலேயே மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தை ஏற்று உறுதி செய்திருக்கிறது. ஆனால் இணைய அணுகல் பற்றிய பேச்சு இங்கே அரிது.

எனக்கு மிகக் கவலை தருபவை அறிவிப்புப் படங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் கொத்மலை உட்பட மலையகத்தின் பல சரிவுகள் இடிந்து இறங்கின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வெளியிடுகிறது. சிவப்பென்றால் வெளியேற வேண்டும். அப்படியோர் அட்டவணை படமாகப் பகிரப்படும்போது ‘அட்டவணை, பல நிறங்கள்’ என்ற மாற்றுரையால் யாருக்கும் பயனில்லை. எழுத்தைப் படிக்கும் கருவியும் ஒரு பிரிவின் நிலையை அடுத்த வரிக்கு மாற்றிப் படித்தால் அது உயிரோடு விளையாடுவதாகிவிடும். வேடிக்கை என்னவென்றால் இங்கே கருவியே தேவையில்லை. அந்த அட்டவணையை ஓர் அலுவலர் முதலில் எழுத்தாகத்தான் தட்டச்சு செய்திருப்பார். அதைப் படத்தின் கீழே அப்படியே ஒட்டினால் பார்வையற்றவருக்கும் கேட்கும், இணைப்பு மெதுவாக இருக்கும் தோட்டத்துக் கைத்தொலைபேசியிலும் சட்டென்று திறக்கும்.

ஆகவே என் தரப்பு இதுதான்: காப்பகப் படங்களுக்குக் கருவி எழுதட்டும், இடம் தெரிந்தவர் ஒருவர் திருத்தட்டும், எச்சரிக்கைகளுக்குக் கருவியைத் தொடவே வேண்டாம். எங்கே கருவியை வைத்தாலும் முதலில் மொழியமைப்பைப் பாருங்கள். தமிழ்ப் பக்கத்துப் படத்துக்கு ஆங்கிலத்தில் மாற்றுரை போட்டுவிட்டுப் போகும் கருவிகள் உண்டு. தமிழ்க் குரலில் இயங்கும் திரைவாசிப்பான் அதை வாசிக்கும்போது, தேயிலைத் தோட்டமா மண்சரிவா என்றே கேட்பவருக்கு விளங்காது.