மஃரிபுக்குப் பின் மாறும் கண்ணாடி

வெள்ளாற்றின் தென்கரையில், திட்டக்குடிக்கு அணித்தாய் அமைந்துள்ள லப்பைக்குடிக்காட்டிலே, வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்து ஈட்டிய பொருளைக் கொண்டு நிர்மாணிக்கப்படும் மாடி வீடுகளின் முகப்பில், எதிர்வீட்டையும் வானத்தையும் தன்மேல் வாங்கிக் காட்டுகிற பச்சை அல்லது பழுப்பு நிற 'ரிஃப்ளெக்டிவ்' கண்ணாடியே அடிக்கடி கண்ணில் படுகிறது. பெரம்பலூர்ச் சீமையின் வெயிலை அறிந்தவர் எவரும் இந்த விருப்பத்தைக் குறைகூற மாட்டார். அன்றியும், வீட்டுப் பெண்டிர் தெருவில் போவோர் பார்வைக்குப் படாமல் நடமாடவேண்டும் என்பது இவ்வூர்க் குடும்பங்களின் நெடுநாள் மரபு. அந்த மரபுக்கென்றே செய்யப்பட்டதுபோல் இக்கண்ணாடி தோற்றமளிக்கிறது.

மேற்குப் பார்த்த கூடத்திலும் படுக்கையறையிலும் இக்கண்ணாடியைப் பதித்த வீடொன்றில் ஒரு கோடையையும் அதைத் தொடர்ந்த மழைக்காலத்தையும் கழித்தவன் என்ற முறையிலேயே இதை எழுதுகிறேன். ஐந்து எம்.எம். கனம், கடினப் பூச்சு, அலுமினிய ஸ்லைடிங் சட்டம் என்ற விவரங்களை எந்தக் கடைக்காரரும் ஒரு மூச்சில் சொல்லிவிடுவார். அதைச் செய்த கம்பெனி எது என்பதும் இங்கே பிரதானமன்று. நான் சொல்லப்போகும் குணம் இவ்வகைக் கண்ணாடி அனைத்துக்கும் பொதுவானது. உருக்கிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி 1959-இல் உலகுக்கு அறிவித்தது. அம்முறையில் ஸ்ரீபெரும்புதூரிலேயே 2000-ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபைன் கண்ணாடி வார்த்து வருகிறது. ஆகவே, அலையடிக்காத நல்ல கண்ணாடி கிடைப்பது நமக்கு இனி ஒரு கஷ்டமே அன்று. எந்த அறைக்கு எந்தக் கண்ணாடி என்று விவேகத்தோடு தேர்வதுதான் இன்னும் கஷ்டமாயிருக்கிறது.

பகற்பொழுதின் சௌகரியத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரணப் பிளெய்ன் கண்ணாடி தன்மேல் விழும் சூரிய வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடுகிறது. இதுவோ சுமார் பாதியையே விடுகிறது. சித்திரை மாதத்துப் பிற்பகலில் கூடத்துத் தரையில் வெறுங்காலோடு நடக்க முடிகிறது என்பதைவிடப் பெரிய நற்சான்று வேண்டியதில்லை. தெருவில் தயிர்க்காரர் வருவதும் பிள்ளைகள் மதரஸாவிலிருந்து திரும்புவதும் உள்ளிருப்பவருக்குத் தெளிவாகத் தெரிகின்றன. வெளியில் நிற்பவருக்கோ தம் முகமே தெரிகிறது.

ஆனால் சூரியன் அஸ்தமித்து, மஃரிப் பாங்கு ஒலித்து, வீடுதோறும் விளக்கு ஏற்றப்படுகிற அந்த நாழிகையில் இந்த ஏற்பாடு முழுவதும் தலைகீழாகிறது. தெருவில் நின்று பார்த்தால், கூடத்தில் விரித்த பாயும் அதன்மேல் அமர்ந்திருப்போரும் சுவர்க் கடிகாரத்தின் முள்ளும்கூடத் துலக்கமாகத் தெரிகின்றன. இதனினும் வருத்தம் தருவது மற்றொன்று: உள்ளே இருப்பவர்கள் வெளியே நோக்கினால் கண்ணாடியில் தங்கள் பிரதிபிம்பத்தையே காண்கிறார்கள், வெளியே ஒன்றும் தெரியாததனால், வெளியிலிருந்தும் ஒன்றும் தெரியாதென்று நம்பி, முக்காட்டைத் தளர்த்திச் சாவகாசமாக இருக்கிறார்கள். பிளெய்ன் கண்ணாடி போட்ட வீட்டில் திரையை இழுத்துவிட வேண்டும் என்ற எச்சரிக்கையாவது உண்டு. இந்தக் கண்ணாடியோ அந்த எச்சரிக்கையையும் பறித்துக்கொள்கிறது.

இதன் காரணம் மிக எளிது. கண்ணாடிக்குத் திசை தெரியாது. உள்ளிருந்து வெளியே எவ்வளவு ஒளியை விடுகிறதோ அவ்வளவையே வெளியிலிருந்து உள்ளேயும் விடுகிறது. வெளிச்சம் எந்தப் பக்கம் மிகுதியோ அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கு அது ஆடியாகிறது; இருட்டில் நிற்பவருக்கு ஜன்னலாகிறது. பகலில் தெருவின் நிழலில்கூடப் பத்தாயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். அறைக்குள் இருநூறு இருந்தால் அதிகம். இரவிலோ உள்ளே நூற்றைம்பது, தெருவிளக்கின்கீழ் பத்தோ இருபதோ. போலீஸ் விசாரணை அறைகளில் இத்தகைய கண்ணாடிக்கு அப்பால் மறைந்து பார்ப்பவர்கள், தாங்கள் நிற்கும் அறையை இருட்டாக வைத்துக்கொள்வதும் இதனால்தான்.

"ஒன்சைடு கண்ணாடி பாய், உள்ளேயிருந்து பார்த்தா வெளியே தெரியும், வெளியேயிருந்து பார்த்தா எந்நேரமும் ஒண்ணும் தெரியாது" என்று விற்பவர்கள் சொல்லும் அந்த 'எந்நேரமும்' என்ற ஒரு சொல்லின்மேல்தான் எனக்குத் தீராத கோபம். கடல் கடந்து வேலை பார்க்கும் ஒருவர், கைபேசியில் வந்த படத்தை மட்டும் கண்டு சம்மதம் சொல்லிப் பணம் அனுப்புகிறார். அவர் விடுமுறையில் வந்து இரவில் தம் வீட்டைத் தெருவிலிருந்து காணும்போது சட்டங்களெல்லாம் சுவரில் பூசப்பட்டுவிட்டிருக்கும். கறுப்புப் பிலிம் ஒட்டினால் சரியாகிவிடும் என்பதும் அதே அரைகுறைப் பேச்சே. பகலில் அறை இருண்டு விளக்குப் போட நேருகிறதேயன்றி, இரவின் நியாயம் மாறுவதில்லை.

நம் முன்னோர் வீடுகளில் நான்கு கதவு ஜன்னல் என்ற ஓர் அரிய ஏற்பாடு இருந்தது. கீழ்க் கதவு இரண்டையும் சாத்தி, மேற்கதவு இரண்டையும் திறந்துவிட்டால், காற்றும் ஒளியும் வரும். கூடத்தில் உட்கார்ந்திருப்பவரை யாரும் காணார். இரவுக்கும் பகலுக்கும் அது ஒன்றே. அந்த ஞானத்தையே கண்ணாடியில் திரும்பப் பெறலாம் என்பது என் அபிப்பிராயம். ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு, இரு கண்ணாடிகளுக்கு இடையே பால்வெள்ளைப் படலம் வைத்து ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடியைப் போடவேண்டும். அது ஒளியைச் சிதறடித்து உள்ளே விடும், உருவத்தைக் காட்டாது. உடைந்தாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். விலை கூடுதல்தான், ஆயினும் கீழ்ப்பாதிக்கு மட்டுமே என்பதால் தாங்கக்கூடியது. மேற்பாதிக்குப் பிளெய்ன் கண்ணாடி போதும், மேலே அகலமான சன்ஷேடு இருக்குமானால். மேற்குச் சுவரில் மட்டும் சன்ஷேடு பிரயோஜனப்படாது, சாய்ந்த வெயில் அதன் கீழாகவே நுழையும். அங்கே மேற்பாதிக்கு ரிஃப்ளெக்டிவ் கண்ணாடியைத் தாராளமாக வைக்கலாம். இரவில் ஆள் தங்காத மாடிப்படிச் சுவருக்கும் அதுவே உத்தமம்.

குளியலறைக்குச் சொரசொரப்பாக்கிய கண்ணாடி போடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சொரசொரப்பான பக்கம் நனைந்தால் நீர் பள்ளங்களை நிரப்பிக் கண்ணாடி தெளிந்துவிடும், ஆகவே அந்தப் பக்கம் ஷவரை நோக்கி இருக்கலாகாது. பால்கனிக் கைப்பிடிக்கு வெறும் டஃபன்ட் கண்ணாடி போதாது. சாதாரணக் கண்ணாடியைப்போல் நான்கைந்து மடங்கு வலிமை உடையதாயினும், உடையும்போது முழுவதும் குறுணையாக உதிர்ந்து, சாய்ந்து நிற்கும் குழந்தைக்கு முன்னே வெற்றிடத்தை விட்டுவிடும். ஆதலால் டஃபன்ட் கண்ணாடி இரண்டை ஒட்டிய லாமினேட்டட்டே வேண்டும். டஃபன்ட் செய்தபின் வெட்டவோ துளைக்கவோ முடியாதென்பதால், சுவர் பூசி முடிந்த பிறகே அளவெடுக்கச் சொல்லவேண்டும்.

ஜன்னலின் கீழ்ப்பாதியையும் மேற்பாதியையும் பிரிக்கும் கோட்டின் உயரத்தை அலுமினிய வேலைக்காரரிடம் விட்டுவிடக் கூடாது. தரைத்தளத்தில், அறைத் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் குறுக்குச் சட்டம் வரட்டும். வீட்டின் மட்டம் தெருவைவிட இரண்டு மூன்றடி உயர்ந்திருப்பதால், நடந்து செல்பவரின் பார்வை அந்தக் கோட்டுக்கு மேலாக நுழைந்தாலும் உட்கூரையையே அடையும். மாடியறைகளில் இக்கணக்கு செல்லாது. எதிர்வீட்டு மாடியின் பார்வை நேராகவோ மேலிருந்தோ வருமாகையால், அங்கே மேற்பாதிக்கும் பால்வெள்ளைக் கண்ணாடியே போடவேண்டும்.