பழியும் பாவமும்

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களின் முகப்பிலே பல்லாண்டுகளாக ஓர் அறிவுரை அச்சிடப்பெற்று வந்தது. தீண்டாமையைப் பாவமென்றும், பெருங்குற்றமென்றும், மனிதத் தன்மைக்கு ஒவ்வாததென்றும் மூவகையாற் கடிந்த அறிவுரை அது. பின்னர் வெளிவந்த பதிப்புக்களில் ஏனை இரண்டும் நிற்கப் பாவமென்னும் சொல் மட்டும் நீங்கியது. சமயச் சார்பில்லாத அரசு சமயச் சொல்லொன்றை வழங்குதல் எற்றுக்கு என்பார் இம்மாற்றத்தை வரவேற்பர். குற்றமென்று சட்டமும், மனிதத் தன்மையன்றென்று உலக அறமும் கூறியபின், பாவமென்பதனாற் பெறப்படும் பொருள் வேறு யாது என்பது அவர் வினா. இவ்வினா எளிதிற் புறக்கணிக்கற்பாலதன்று. சமயத்தை நீக்கியவிடத்துப் பாவமென்பது பொருளுடைய சொல்லாமா, அன்றி வெற்றொலியாமா என்பதனை ஆலவாயண்ணலின் திருவிளையாடல்கள் இரண்டனைக் கொண்டு ஆராய்தல் தகும்.

முதற்கண் மறுப்போர் கூற்றை நடுநிலையோடு கேட்டல் வேண்டும். 1925ஆம் ஆண்டிற் சுயமரியாதை இயக்கம் தோன்றிய காலந்தொட்டுப் புராணங்களைக் கண்டிப்போர் விடாது காட்டுவது, பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்து இருபத்தாறாம் படலமாகிய மாபாதகந் தீர்த்த படலம் போன்ற வரலாறுகளையேயாம். தாயை விழைந்து தந்தையைக் கொன்றவனுக்கும் உய்தியுண்டு என்னும் சமயம் பாவத்தை அஞ்சுவிப்பதோ, வளர்ப்பதோ என அவர் வினவுவர். அன்றியும், அதே மதுரையில் நெடுஞ்செழியனைக் காட்டுவர். கண்ணகியின் சிலம்பினின்று முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறிக்கக் கண்ட அளவிலே அவன் அரியணையில் வீழ்ந்து உயிர்நீத்தான். நரகம் கூறி அவனை அச்சுறுத்தினார் யாருமிலர்; கழுவாய் கூறினாருமிலர். தன் நெஞ்சமே தன்னைச் சுட்டது. சமயமின்றியே இத்துணை அறவுணர்ச்சி நிகழுமாயின், பாவமென்னும் சொல் மிகையென்பது அவர் முடிபு.

இக்கூற்றில் உண்மையுண்டு. சமயமில்லாதார்க்கு அறமில்லை என்பது அனுபவத்திற்கு மாறான பேச்சு. கடவுளை வணங்காதாருட் பிறர் பொருளைத் தீண்டாதாரும், பிறர் துயர்க்கு உருகுவாரும் பலர். இதனை மறுத்துச் சமயத்தை நிலைநாட்டப் புகுவார் சமயத்திற்கே இழுக்குத் தேடுவாராவர். ஆகலின் ஆராயற்பாலது, சமயமின்றி நல்லொழுக்கம் உண்டோ என்பதன்று. குற்றமும் பழியும் போகப் பாவமென ஒன்று எஞ்சுமோ என்பதே.

இதற்கு இருபத்தைந்தாம் படலமாகிய பழியஞ்சின படலம் விடை தருகின்றது. மனைவியோடு மதுரை நோக்கி வந்த அந்தணன் ஒருவன் அவளை ஆலமர நிழலில் இருத்தித் தண்ணீர் கொணரச் சென்றான். முன்னொருகால் எய்யப்பட்டு அம்மரத்திற் சிக்கியிருந்த அம்பு காற்றால் அசைந்து வீழ்ந்து அவளைக் கொன்றது. மரத்தின் மற்றொரு புறத்தில் இளைப்பாறியிருந்தான் ஒரு வேடன். கையில் வில், அருகே பிணம், உடலில் அம்பு. அந்தணன் அவனைக் குலோத்துங்க பாண்டியன்முன் கொணர்ந்து நிறுத்தினான். சான்றெல்லாம் வேடனுக்கு மாறாகவே நின்றன. அவனைக் கொன்றிருப்பின் சட்டம் நிறைவுறும். ஊரும் அரசனைப் புகழும். ஆயின் எவ்வளவு கடிந்து வினாவியும் மாறாத அவன் சொல் அரசன் நெஞ்சில் ஐயத்தை விளைத்தது. அவன் தண்டத்தை நிறுத்தித் திருக்கோயில் புகுந்து விண்ணப்பித்தான்.

ஈண்டு உற்றுநோக்கற்பாலது ஒன்றுண்டு. படலத்தின் பெயர் பழியஞ்சினது என நின்றதேனும், அரசன் அஞ்சியது உலகப் பழியன்று. வேடனுக்காகப் பரிந்து பேசுவார் ஒருவருமிலர். அவனைக் கொன்றால் தூற்றுவாருமிலர். காண்பார் இல்லாதவிடத்தும் கொலை கொலையே என்பதனையே அவன் அஞ்சினான். குற்றமென்பது அரசு காணுமளவும் உள்ளது. பழியென்பது ஊர் பேசுமளவும் உள்ளது. அரசும் ஊரும் ஒருங்கே உடன்பட்டுச் செய்யும் தீமைக்குப் பெயர் யாது? அதற்கன்றோ பாவமென்னும் சொல் வேண்டப்படுவது! இறைவன் அருளியவாறு வணிகர் தெருவின் மணமனைக்குச் சென்ற அரசனும் அந்தணனும், அம்பு வீழ்ந்த உண்மையை யமதூதர் வாயிலாகவே கேட்டறிந்தனர் எனப் புராணம் கூறுவதன் கருத்தும் இதுவே. மனிதர் காணாததனைக் கண்டிருக்கும் ஓர் அறிவு உண்டென்பது துணிந்தாலன்றிக் கரியில்லாத செயலைப் பற்றி அஞ்சுதற்கு நிலையான காரணமில்லை.

அற்றேல், சமயமில்லாத நல்லான் ஒருவனும் அவ்விடத்து ஐயுற்று நிற்பானன்றோ எனின், நிற்பான். அவன் நிற்பதற்குக் காரணம் யாது என்பதே வினா. தன் உள்ளம் ஒப்பாமையே காரணமெனின், உள்ளம் ஒப்பியவிடத்து அத்தீமை தீமையாகாதொழியும். சைவ சித்தாந்தம் இதனை உள்ளத்தின் ஒப்புதலில் வைக்கவில்லை. உயிர்க்கு உறுதி செய்தல் இதம் என்றும், அது செய்யாமை அகிதம் என்றும் சிவஞான சித்தியார் வரையறுக்கும். இவ்வரையறையைச் சமயமில்லாதாரும் உணர்வர். ஆயின் அந்நூல் மேலும் ஒரு படி செல்கின்றது. அவ்விதமும் அகிதமும் இறைவனாலே ஏற்றுக்கொள்ளப்பட்டுப் பயன்தருவன என்பது அதன் துணிபு. ஓருயிரை நலிதல் அவ்வுயிரோடு ஒழிவதன்று. அவ்வுயிரிற் கலந்துநிற்கும் சிவத்தையே சென்று சாரும். ஆகவே நலியப்பட்டான் வாய்பேச இயலாதவனாயினும், இறந்தொழிந்தானாயினும் செயல் அழிந்துபடாது. குற்றத்தின் உருவை அறிதற்குச் சமயம் வேண்டுவதின்று. அது நிலைபெறும் இடத்தை அறிதற்குச் சமயம் வேண்டும்.

இனி மாபாதகந் தீர்த்த படலத்தை நோக்குக. அவந்தி நகரத்துப் பாதகன் மலிவாக மன்னிக்கப்பட்டான் என்பார் அப்படலத்தை முற்றும் படித்திலர். தந்தையைக் கொன்று தாயோடும் பொருளோடும் ஓடியவன் காட்டிற் கள்வர்பால் அவ்விரண்டையும் இழந்தான். கொலைப் பாவம் தொடரத் தலங்கள் பலவற்றிலும் அலைந்தும் தீர்ந்திலன். மதுரையில் வேட்டுவ வடிவந்தாங்கி வெளிப்பட்ட பெருமான் அவனுக்கு விதித்தவை பொற்கொடையும் வேள்வியும் அல்ல. ஐயமேற்று ஒருபொழுதுண்டலும், அடியார்க்குத் தொண்டுசெய்தலும், பசுவுக்குப் புல்லளித்தலும், நாடோறும் நீராடி ஆலயத்தைப் பன்முறை உடலாற் புரண்டு வலம்வருதலுமேயாம். பெற்றோரை நலிந்தவன் எவ்வுயிர்க்கும் ஏவலனாக்கப்பட்டான். உடலின்பத்தாற் கெட்டவன் அவ்வுடலை நிலத்திலே தேய்த்தான். அகிதத்தின் மாற்று இதமே என்னும் சித்தாந்தம் அங்கே செயலாகி நிற்கின்றது. இத்தகையானுக்கும் அருளுவதோ என அம்மை வினாவ, பற்றுக்கோடின்றி வீழ்வானைத் தாங்குதலே காத்தலாம் என்னும் கருத்துப்பட ஐயன் விடையளித்தனன்.

இவனோடு நெடுஞ்செழியனை ஒப்பிடுக. அரசன் செய்தது ஆராயாப் பிழை. இவன் செய்ததோ அறிந்து செய்த கொடுமை. ஆயினும் அரசன் மாய்ந்தான், இவன் உய்ந்தான். பழி ஒன்றையே அறிந்தார்க்கு மீளும் வழி இல்லை. மானமுடையான் உயிர்விடுவான், மானமில்லான் மறந்துவிடுவான். பாவமென்னும் சொல்லோ தன்னுள்ளே தீர்வையும் உடன்கொண்டது. நோயென்னும் சொல் மருந்துண்மையைக் குறிப்பிப்பது போல்வது அது. இறைவன் வினைப்பயனை ஊட்டுதலையும், மருத்துவன் அன்போடு அறுத்துத் தீர்க்கும் செயலாகவே சித்தியார் காணும். ஆகவே, சமயம் நீங்கியவிடத்துப் பாவத்தின் அச்சம் முழுதும் நீங்கிவிடுவதன்று, நீங்குவது தீர்வே. இதுவே இழப்புக்களுட் பெரியது.

இவ்வாறு கூறிச் சைவர் மகிழ்ந்திருத்தல் கூடுமோ எனின், கூடாது. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாதையர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் சிலரை உடனழைத்து மீனாட்சியம்மை திருக்கோயிலுட் புகுந்து வழிபட்டார். அன்று அந்நுழைவையே பாவமென்றவர் பலர். பட்டர்களுட் சிலர் கைங்கரியத்தினின்று விலகினர். விலக்கிவைத்தலே பாவம் என்றது மற்றொரு சாரார் கட்சி. இருசாராரும் வழங்கியது ஒரே சொல், இருசாராரும் சமயமுடையார். சொல்லின் பொருளைச் சமயமே தருமாயின், எச்சாரார் கூற்றைக் கொள்வது? சித்தியாரின் உரைகல்லிலே இட்டுப் பார்த்தால் ஐயமில்லை. ஓருயிரை அதன் இறைவனைக் காணவொட்டாது தடுத்தலினும் மிக்க அகிதம் யாதுளது? பாதகனுக்கும் உடலாற் புரண்டு வலம்வர இடமளித்த ஆலவாயில், ஒரு பாதகமும் செய்யாதார் பிறப்பினாலே புறத்து நிறுத்தப்பட்டனர். அவ்விலக்கைச் சமயத்தின் பெயராற் காத்தவர்களே பாவமென்னும் சொல்லின் பொருளைப் பெரிதும் அழித்தவராவர். நாத்திகர் அச்சொல்லை விடுத்தனர். இவர் அதனைத் தலைகீழாக்கினர்.

1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் உறுப்புத் தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தண்டம் வகுத்தது. ஆயினும் மதுரை மாவட்டத்து உத்தபுரத்திலே மக்களைப் பிரித்துநின்ற சுவரின் ஒரு பகுதி 2008ஆம் ஆண்டு மே 6ஆம் நாள்தான் அகற்றப்பட்டது. சட்டம் சுவரை இடிக்க வல்லது. சுவரெழுப்பிய நெஞ்சினை நாணச்செய்ய அதற்கு ஆற்றலில்லை. மனிதத் தன்மை என்னும் அறவுரையோ, அயலானை மனிதனென ஒப்பாதவன் செவியில் ஏறுவதில்லை. அந்நெஞ்சமும் மாலைதோறும் திருநீறு அணிகின்றது; அதற்குப் புரியும் மொழி பாவமென்பது ஒன்றே. அம்மொழியை அதற்கு உரைக்கும் கடப்பாடு அரசினுடையதன்று, திருநீறணிந்த ஏனையோருடையது.

பாடநூலின் முகப்பினின்று ஒரு சொல் நீங்கியதற்கு அரசை நோதல் வேண்டா. சட்டத்திற்குக் குற்றமும் உலகிற்குப் பழியும் போதும். அவையிரண்டும் எட்டாத இடத்தைக் காக்கும் சொல் சைவரிடத்தே ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது. உயிர்க்கு அகிதம் செய்தல் சிவத்திற்குச் செய்யும் அகிதமே என ஒழுகுவார் உள்ளவரை அச்சொல் பொருளோடு வாழும். அவ்வொழுக்கமில்லாதவிடத்துச் சமயம் இருந்தும் அது வெற்றொலியே என்க.

திருச்சிற்றம்பலம்.