நீலச் சீட்டும் மஞ்சள் சீட்டும்

பரிசு காட்டாமல் சிறுவரைக் கற்கத் தூண்ட இயலுமா என்பது ஞாயிறு பள்ளி நடத்தும் ஆயர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் வினா. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1876-இல் வெளியிட்ட 'டாம் சாயரின் சாகசங்கள்' என்னும் நாவலின் நான்காம் அதிகாரம் இவ்வினாவைத் தொடுகிறது. நகைச்சுவைப் பகுதி என்று பலர் படித்துக் கடந்துவிடும் இவ்வதிகாரம், திருமறையைக் கற்பிப்போர்மீது சுமத்தப்பட்ட கடுமையான குற்றச்சாட்டு என்பது நம் துணிபு.

கதையில் வரும் ஞாயிறு பள்ளியில் இரண்டு வசனங்களை ஒப்புவித்தால் ஒரு நீலச் சீட்டு கிடைக்கும். பத்து நீலத்துக்கு ஒரு சிவப்பு. பத்துச் சிவப்புக்கு ஒரு மஞ்சள். பத்து மஞ்சளுக்கு ஒரு திருமறை. ஆக, 2,000 வசனங்களுக்கு ஒரு புத்தகம் கூலி. டாமோ பிற சிறுவரிடம் பண்டமாற்றுச் செய்தே சீட்டுகளைச் சேர்த்து, விருந்தினர் முன்னிலையில் பரிசும் பெறுகிறான். முதற்சீடர் இருவரின் பெயரைக் கேட்டதும், தாவீது, கோலியாத்து என்று விடையளிக்கிறான்.

இதனைச் சிறுவனின் வஞ்சகம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. வசனத்துக்கு விலை குறித்தவர்கள் பெரியவர்களே. விலை குறித்த பொருள் சந்தைக்கு வருவது இயல்பு. மேலும், தம் பள்ளியின் சிறப்பை விருந்தினருக்குக் காட்ட வேண்டும் என்பதே அன்று கண்காணிப்பாளரின் பேராவல். ஆகவே, உள்ளத்தில் ஐயம் எழுந்தும் பரிசை வழங்கிவிடுகிறார். அப்பரிசு, பெற்றவனைவிடக் கொடுத்தவருக்கே அதிகம் தேவைப்பட்டது.

எனினும், பரிசு பயன் தராது என்று ட்வைன் கூறவில்லை. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், மலைப்பிரசங்கத்தின் ஐந்து வசனங்களை மனனம் செய்யத் திணறும் டாம், உறவுப் பெண் மேரி ஏதோ நல்ல பொருள் தருவதாகச் சொன்னதும் திறம்படக் கற்றுவிடுகிறான். ஆவியில் எளியோரைப் பற்றிய வசனம் ஒரு பேனாக்கத்திக்காகக் கற்கப்பட்டது! மனனம் நிறைவேறியது, நாட்டம் பிறந்ததா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஒளி தருகிறது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலையர் சிலருக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தனர். பின்னொரு நாள் தடையின்றி விளையாட விட்டபோது, மற்றவரோடு ஒப்பிட அவர்கள் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் இக்குறைவு காணப்படவில்லை. தீங்கு பரிசில் அன்று, பேரத்தில் இருந்தது எனலாம்.

ட்வைனிடம் நாம் காணும் குறை ஒன்றுண்டு. நாவலின் இரண்டாம் அதிகாரத்தில், வேலிக்கு வெள்ளையடிப்பதை அரிய பேறுபோல் காட்டும் டாம், தோழர்களிடமே பொருள் பெற்றுக்கொண்டு அவர்களை வேலை செய்ய வைக்கிறான். கூலியின்றியும் உழைப்பில் ஆவல் பிறக்கும் என்ற உண்மை அங்கு உண்டு. ஆனால் அது தந்திரத்தால் பிறந்த ஆவல். கூலி, தந்திரம் ஆகிய இரண்டுக்கும் அப்பால் மூன்றாம் வழி ஒன்றை ட்வைன் காட்டவில்லை.

அவ்வழியை லூக்கா 2:46-இல் காண்கிறோம். பன்னிரண்டு வயதுச் சிறுவர் போதகர் நடுவே அமர்ந்து, கேட்கிறார், வினவுகிறார். அங்கே சீட்டும் இல்லை, பேரமும் இல்லை. நம் வகுப்புகளில் வசனத்தை ஒப்புவித்த பிள்ளையிடம், 'இதில் உனக்கு விளங்காதது எது?' என்று நாம் கேட்கிறோமா? தான் கற்றதைச் சிறியவர்க்குத் தன் சொல்லிலேயே கூற அப்பிள்ளைக்கு இடமளிக்கிறோமா? நாம் இவ்வாரம் கற்றுக்கொண்டதை அவர்கள்முன் மகிழ்ந்து பகிர்கிறோமா?

ஈவாகக் கிடைக்கும் கிருபையைப் பிரசங்க பீடத்திலிருந்து அறிவித்துவிட்டு, அதே வளாகத்தின் வகுப்பறையில் வசனத்தைக் கூலிக்கு விற்பது முரண் அன்றோ? ஆண்டுவிழாப் பரிசுப் பட்டியலை வரையுமுன் ஆயர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.