ஊர்சுற்றித் திரிதல் எனப்படுவது (ஓவியம்)

‘ஊர்சுற்றித் திரிதல் எனப்படுவது’ என்பது பெல்ஜிய ஓவியர் அல்பிரட் ஸ்டீவன்ஸ் 1854ஆம் ஆண்டில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். சுமார் 132 செ.மீ. உயரமும் 162 செ.மீ. அகலமும் கொண்டது. ‘வின்சென் வீரர்கள்’ என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. இப்போது பாரிசில் உள்ள ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் ஓவிய வகையைச் சேர்ந்தது. ஓர் ஓவியம் அரசின் நடைமுறையையே மாற்றியது என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். உண்மையில் மாறியது என்ன என்பதைக் கவனித்தால்தான் இதன் மதிப்பு விளங்கும்.

ஓவியர்

ஸ்டீவன்ஸ் 1823இல் பிரசெல்சில் பிறந்தார். அங்கே நாவெஸ் என்ற ஓவியரிடம் பயின்றபின் பாரிசுக்குச் சென்று அங்கேயே தங்கினார். 1906இல் காலமானார். இதே பெயரில் ஆங்கிலச் சிற்பி ஒருவரும் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததால் மாணவர்கள் இருவரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

காட்சி

பனி படிந்த தெரு. பின்னால் நீளமான சாம்பல் நிறச் சுவர். கந்தல் உடுத்த ஒரு தாய் கைக்குழந்தையோடும் சிறுவனோடும் நடக்கிறாள். துப்பாக்கி ஏந்திய வீரர்கள் அவர்களைச் சிறைக்குக் கூட்டிச் செல்கிறார்கள். வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி அவர்களுக்காகப் பரிந்து பேச முன்வருகிறாள், பயன் இல்லை. உடல் நலிந்த ஒரு முதிய தொழிலாளி எதுவும் செய்ய இயலாமல் நிற்கிறார். சுவரில் ஒட்டிய விளம்பரங்களில் ஒன்று சொத்து ஏலத்தையும் மற்றொன்று நடன விருந்தையும் அறிவிக்கின்றன. வீடில்லாதவள் வீடு விற்கும் விளம்பரத்தைக் கடந்து சிறைக்குப் போகிறாள். ஓவியர் சொல்ல வந்ததில் பாதியை அந்தச் சுவரே சொல்லிவிடுகிறது.

தலைப்பும் சட்டமும்

1810ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம் ஊர்சுற்றித் திரிவதைக் குற்றமாக்கியது. நிலையான இருப்பிடம், பிழைக்க வழி, வழக்கமான தொழில் ஆகிய மூன்றும் இல்லாதவர் ஊர்சுற்றி எனப்பட்டார். தண்டனை 3 முதல் 6 மாதச் சிறை. இந்த மூன்றில் எதுவும் ஒருவர் செய்த செயல் அல்ல. மூன்றும் அவரிடம் இல்லாதவை. ஆகவேதான் ஸ்டீவன்ஸ் தலைப்பில் ‘எனப்படுவது’ என்ற சொல்லைச் சேர்த்தார். குற்றம் என்று பெயர் வைத்தது யார் என்று அந்த ஒரு சொல் கேட்கிறது.

இக்கேள்வி நமக்கும் உரியது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பேட்டைகளில் வேலை தேடிப் பையோடு வந்து இறங்குகிறவருக்கு முதல் நாள் இருப்பிடமும் இல்லை, வேலையும் இல்லை. பிழைக்க வழியும் இல்லாவிட்டால், 1810ஆம் ஆண்டுச் சட்டப்படி அவரும் குற்றவாளியே. தமிழ்நாட்டிலும் பிச்சை எடுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1945இலேயே, சென்னை மாகாணக் காலத்தில், வந்தது. தில்லியில் நடைமுறையில் இருந்த இத்தகைய சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது.

வரவேற்பு

1855இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்த ஓவியம் இடம்பெற்றது. இதைக் கண்ட பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ‘இனி இப்படி நடக்காது’ என்ற பொருளில் பேசியதாகவும், கைதானவர்களை இனி நடத்திக் கூட்டிச் செல்லாமல் மூடிய வண்டியில் ஏற்றிச் செல்ல ஆணையிட்டதாகவும் சொல்லப்படுகிறது.

கைது நிற்கவில்லை. சட்டம் நீங்கவில்லை, அது நீங்கியது 1994இல் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான். தெருவில் போகிறவர் கண்ணில் அந்தத் தாய் படாமல் போனது மட்டுமே மாற்றம். ஓவியர் எல்லோரும் பார்க்கட்டும் என்று வரைந்ததை, அரசர் யாரும் பார்க்க வேண்டாம் என்ற ஏற்பாடாக மாற்றிவிட்டார். 2020இல் அமெரிக்க அதிபர் வருகைக்கு முன் அகமதாபாத்தில் குடிசைப் பகுதியை ஒட்டிச் சுவர் எழுப்பிய செய்தி பலருக்கும் நினைவிருக்கும். மூடிய வண்டியும் அந்தச் சுவரும் ஒரே வேலையைத்தான் செய்தன.

மதிப்பீடு

நம் பக்கத்து ஓவியம் ஒன்றோடு ஒப்பிட்டால் ஸ்டீவன்சின் சிறப்பு தெரியும். ரவி வர்மா 1893இல் சிகாகோ கண்காட்சிக்கு அனுப்பிய பத்து ஓவியங்களுள் ‘நாடோடிகள்’ ஒன்று. அதிலும் ஒரு தாயும் குழந்தைகளும் உண்டு. நம் மனம் இரங்குகிறது. ஆனால் அந்த வறுமைக்கு யார் பொறுப்பு என்று படம் கேட்பதில்லை. ஸ்டீவன்ஸ் படத்தில் ஏழையோடு வீரரும் செல்வரும் விளம்பரச் சுவரும் சேர்ந்து நிற்கிறார்கள். வறுமை ஓர் ஏற்பாட்டின் விளைவு என்பது படத்துக்குள்ளேயே இருக்கிறது.

குறையும் உண்டு. இரக்கமுள்ள சீமாட்டி, அழத் தூண்டும் குழந்தைகள் என்று நாடக மேடைபோல் காட்சி அடுக்கப்பட்டிருக்கிறது. பார்ப்பவர் தம்மை அந்தச் சீமாட்டியாக எண்ணி மனநிறைவு கொள்ள இடமிருக்கிறது. பேரரசருக்கும் அதுவே நேர்ந்திருக்கலாம்.

இதற்குப்பின் ஸ்டீவன்ஸ் இந்தத் தெருவை விட்டு, பட்டு உடுத்த பாரிஸ் பெண்களின் வரவேற்பறைக்குள் போய்விட்டார். புகழும் பணமும் அங்கேதான் கிடைத்தன. 1867 உலகக் கண்காட்சியில் அவருடைய 18 ஓவியங்கள் இடம்பெற்றன. துணியின் பளபளப்பை அவர்போல் தீட்டியவர்கள் குறைவு. ஆனாலும் மாணவர்கள் அவரை அறிய வேண்டுமானால், அவர் திரும்பிப் போகாத இந்தத் தெருவிலிருந்து தொடங்குவதே நல்லது.