முதலில் எது?

ஐக்கிய அமெரிக்க ஆயர்கள் 1992-ஆம் ஆண்டு வெளியிட்டு 2002-இல் திருத்தியமைத்த மேய்ப்புப்பணி மடல் ஒன்று உண்டு. ‘நான் உதவிக்கு அழைக்கும்போது’ என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். இல்லத்தில் பெண்கள்மீது நிகழும் வன்முறைக்குத் திருச்சபை என்ன மறுமொழி தரவேண்டும் என்பதே அதன் பொருள். ஓர் அமர்விலேயே படித்துவிடக்கூடிய சிறிய மடல்தான். ஆயினும், ஆய்வாளர்கள் கண்டறிந்ததைக் கோவில் வளாகத்துக்குள் கொண்டுவருவது எவ்வாறு என்னும் வினாவுக்கு இத்துணை நேராக விடை கூறிய திருச்சபை ஏடு வேறொன்றை நான் படித்ததில்லை.

மனைவியை அடிப்பது சினத்தின் திடீர் வெடிப்பு அன்று; அச்சத்தின் வழியாக அவளைத் தன் பிடிக்குள் வைத்திருக்கும் முறை என்பது பல்லாண்டு ஆய்வுகள் காட்டிய உண்மை. பெண் அவ்வீட்டை விட்டு வெளியேற முயலும் வேளையிலேயே அவள் உயிருக்கு ஆபத்து மிகுகிறது என்பதும் அவ்வாறே. மடல் இவற்றை ஏற்று, எவ்வகைத் தலையீட்டுக்கும் மூன்று இலக்குகளை வரிசைப்படுத்துகிறது. முதலாவது, பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. இரண்டாவது, வன்முறையாளன் தன் செயலுக்குப் பொறுப்பேற்றல். மூன்றாவதாகவே உறவைச் சீரமைத்தல் வருகிறது, அதுவும் இயலுமாயின். இயலாவிடில் இழந்த உறவுக்காகத் துயருற இடம் தருகிறது.

மடலின் உயிர்நாடி இந்த வரிசைதான். நம் பங்குகளில் நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ். கணவன் மனைவி இருவரையும் ஒரே அறையில் எதிரெதிரே அமர்த்துகிறோம். இருபுறமும் தவறு உண்டு என்கிறோம். கைகோக்கச் செய்து செபித்து அனுப்புகிறோம். கணவன் முன்னிலையில் அவள் எதைச் சொல்வாள்? சொன்னால் அன்றிரவு என்ன நேரும்? எபேசியர் மடலில் மனைவியரின் பணிவைப் பேசும் வசனத்தை எடுத்துரைப்போர், அதற்கு முந்தைய வசனம் ஒருவருக்கொருவர் பணிந்திருக்க அழைப்பதை விட்டுவிடுகின்றனர். திருச்சபைச் சட்டத்தின் 1153-ஆம் பிரிவோ, துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ ஆன்மாவிலோ பெரும் ஆபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ முறையான காரணம் உண்டு என்கிறது. தாமதம் ஆபத்தானால் ஆயரின் ஆணைக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ ஒருபடி மேலே சென்று, சில வேளைகளில் பிரிவு அறநெறிப்படியே தேவையாகலாம் என்றது.

வியப்பு என்னவெனில், இந்திய அரசின் விதிகள் இவ்வரிசையை நம்மைவிட நன்கு உணர்ந்துள்ளன. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2006-இல் வகுக்கப்பட்ட 14-ஆம் விதி ஆற்றுப்படுத்தல் பற்றியது. அடித்தவன் தன் செயலை நியாயப்படுத்திப் பேச அங்கே இடமில்லை; அதனை அமர்வு தொடங்குமுன்பே அவனுக்கு அறிவித்துவிட வேண்டும். இனி அவ்வாறு செய்யேன் என்ற உறுதியும் அவன் தரவேண்டும். “அவள் எதிர்த்துப் பேசினாள், சாமி” என்று தொடங்கும் வாய்க்கு அங்கே பூட்டு. நம் பங்கு இல்ல முகப்பறையில் அந்தப் பூட்டு இல்லை.

மடலின் மற்றொரு கூற்றும் தமிழகத்துக்கு இன்றியமையாதது. மது வன்முறையோடு சேர்ந்து வரலாம். ஆனால் அதுவே காரணமன்று. குடித்து அடிப்பவனுக்கு இருப்பவை இரண்டு நோய்கள். இரண்டுக்கும் தனித்தனியே மருத்துவம் வேண்டும். குடியை விட்டால் எல்லாம் சரியாகும் என்று மதுவிலக்கு வாக்குறுதியோடு நின்றுவிடும் நம் பழக்கத்துக்கு இது கசப்பு மருந்து. அதே கணவன் எவ்வளவு குடித்திருந்தாலும் தன் முதலாளியை அடிப்பதில்லை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. மடலின் கண்முன் நிற்பது கணவனும் மனைவியும் மட்டுமே வாழும் அமெரிக்க வீடு. மாமியாரும் கொழுந்தனும் வரதட்சணைக் கணக்கும் அதில் இல்லை. தங்கும் இல்லமும் தொலைபேசி உதவியும் அருகிலேயே கிடைக்கும் என்று அது நம்புகிறது. ஓரிடத்து ஆய்வை வேறோரிடத்தில் அப்படியே நடுவதில் இடர் உண்டு என்பதற்கு அந்நாட்டிலேயே சான்று இருக்கிறது. மினியாபொலிஸ் நகரில் 1981–82-இல் நடந்த சோதனை, அடித்தவனைக் கைது செய்தால் வன்முறை குறைகிறது என்றது. அதனை நம்பிப் பல மாநிலங்கள் சட்டம் இயற்றின. பின்னர் வேறு நகரங்களில் மீண்டும் சோதித்தபோது முடிவுகள் ஒத்துவரவில்லை; மில்வாக்கியில் வேலையற்ற ஆண்களிடையே கைதுக்குப்பின் வன்முறை கூடவே செய்தது.

இதனினும் பெரிய குறை, மடல் பரிந்துரையோடு நின்றுவிடுவது. மறையுரையில் பேசுங்கள், திருமணத் தயாரிப்பில் கேளுங்கள், பெண்களின் கழிப்பறையில் உதவி எண்ணை ஒட்டுங்கள் என்கிறது. எத்தனை பங்குகள் செய்தன என்று கேட்க எவரையும் அது நியமிக்கவில்லை.

கழிப்பறைச் சுவரில் தாள் ஒட்டுவது அற்பமாகத் தோன்றலாம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் திருமணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். இந்திய அளவில், வன்முறைக்கு ஆளான பெண்களுள் நூற்றுக்கு 77 பேர் உதவி தேடவுமில்லை, எவரிடமும் சொல்லவுமில்லை. கணவனின் பார்வை எட்டாமல் ஒரு பெண் 181 என்னும் எண்ணைப் படிக்கக்கூடிய இடம் கோவில் வளாகத்தில் வேறு எது?

இம்மடலைத் தமிழாக்கி மறைமாவட்டந்தோறும் வழங்குவோர், அதனுடன் அந்த 14-ஆம் விதியையும் சேர்த்து அச்சிட வேண்டும். இரண்டும் ஒரு சிறு கையேட்டுக்குள் அடங்கும்.