நெம்புவதற்கு முன்

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கடற்கரையின் விசைப்படகுகள் 61 நாள் கரையில் கட்டிக் கிடக்கும். அது முடியப்போகும் வாரத்தில் காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ சில படகுகளில் இன்ஜின் பிடித்துக்கொண்டிருக்கும். அதை விடுவிக்கும் வேலையைப் போல ரசிக்கத்தக்க கைவினை துறைமுகத்தில் வேறில்லை என்பது என் எண்ணம்.

பல விசைப்படகுகளில் இருப்பது லாரி இன்ஜின் வகையைச் சேர்ந்த ஆறு சிலிண்டர் டீசல்தான். செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அரைகுறையாகத் தெரிந்தவர் மறுபடி மறுபடி செல்ஃப் அடிப்பார். தேர்ந்த மெக்கானிக் முதலில் பேட்டரி வயரைக் கழற்றி வைப்பார். என்னை வசீகரிப்பது இந்த அடக்கம். பிடித்திருப்பது எது, ஏன் என்று தெரியும்வரை அவர் பலத்தைக் காட்டுவதில்லை.

பெல்ட்டுகளை அவிழ்ப்பார், கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்ப்பார். புரொப்பெல்லரில் சுற்றிய வலைத்துண்டுக்கு இன்ஜின் பழி சுமப்பதுண்டு. அது இல்லையென்றால் ஆறு நாசில்களும் வெளியே வரும். புகைக்குழாய் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறியிருக்கலாம். நீர் அமுங்காது, நீர் நிறைந்த சிலிண்டரில் பிஸ்டனை வலிந்து ஏற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாசில் துளை திறந்திருந்தால் நீர் பீறிட்டு வெளியேறிவிடும்.

துரு என்றால் கதை வேறு. இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதோ ஒரு சிலிண்டரில் புகை வால்வு திறந்திருக்கும். உப்பு ஈரக்காற்று அதன் வழியே இறங்கி லைனரைத் தின்னும். துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும்; ரிங்குகளைக் கவ்வியிருப்பது அதுதான். டீசலும் மெல்லிய ஆயிலும் கலந்து நாசில் துளை வழியே ஊற்றிவிட்டு மெக்கானிக் போய்விடுவார். ஓனர் துடிப்பார். எண்ணெய் அதன் வேகத்தில்தான் ஊறும்.

பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் நீள ஸ்பேனர். இங்கேதான் கலை கைக்கு வருகிறது. சுத்தியல் கிடையாது. முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம். ஒரு நூல் அசைந்தாலும் போதும், மறுநாள் இரண்டு நூல் அசையும். துரு என்றால் ஒருவித இழுவையோடு இளகிக் கொடுக்கும். தாராளமாகச் சுற்றிவந்து ஒரே இடத்தில் 'ணங்' என்று நின்றால், ஒட்டிப்போன வால்வில் பிஸ்டன் முட்டுகிறது என்று பொருள். அதற்குமேல் ஒரு இழுப்புகூடத் தவறு. ஹெட்டைக் கழற்ற வேண்டும். இந்த வித்தியாசத்தை எந்த மீட்டரும் காட்டாது, மணிக்கட்டுதான் சொல்லும்.

ஓடும்போதே பிடித்த இன்ஜின் இன்னும் நயவஞ்சகமானது. அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். குளிரூட்டும் நீர் நின்றால் பிஸ்டன் புடைத்து லைனரில் உரசிப் பற்றிக்கொள்ளும். ஆறியபின் தானாகவே விட்டுவிடும் என்பதால் பலர் 'சரியாயிடுச்சு' என்று கிளப்பிவிடுகிறார்கள். நல்ல மெக்கானிக் திறந்து பிஸ்டனின் கீறல்களைப் படிப்பார். பேரிங் கறுத்திருந்தால் ஆயில் பம்பு வரை தேடிப் போவார்.

கடலில் மூழ்கி எடுத்த இன்ஜினை உடனே பிரிக்க முடியாவிட்டால் நன்னீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைப்பவர்களும் உண்டு. விநோதமாகத் தோன்றினாலும் சரியான யோசனை. துருவுக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். காற்றைத் தடுத்தால் ஓரிரு நாள் அவகாசம் கிடைக்கும்.

சுற்ற ஆரம்பித்ததும் கொண்டாட்டம் இல்லை. பழைய ஆயில் வெளியே, புது ஆயில் உள்ளே. கையால் முழுதாகச் சில சுற்று. நாசில்களை மாட்டாமலே செல்ஃப் கொடுத்து, ஆயில் பிரஷர் முள் எழும்வரை காத்திருப்பார். அதன்பின்தான் ஸ்டார்ட். ஓடிச் சூடேறிய பிறகும் புகை நீலமாகவே இருந்தால் ரிங் இன்னும் ஒட்டிக் கிடக்கிறது. 'ஓடுதே' என்று யார் சொன்னாலும் கேட்காமல் பிஸ்டனை வெளியே எடுக்கச் சொல்வார்.