பள்ளியின் பெயரும் ஊரின் பிள்ளைகளும்

ஒரு பள்ளியில் படித்து வெளியேறியவர்கள் கூடி நடத்தும் விளையாட்டுக் கழகத்துக்குக் காசு கொடுத்து வாங்க முடியாத ஒரு வலு உண்டு. கூலி எதிர்பார்க்காமல் வருடக்கணக்கில் உழைக்க அங்கே ஆள் கிடைப்பார்கள். யாழ்ப்பாணத்தைப் பார்த்தால் இது விளங்கும். மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் கிரிக்கெட் ஆட்டம் அங்கே ஊர்த் திருவிழாவாகவே நடக்கிறது. அந்த ஆட்டத்தோடு பையன் மட்டையைக் கீழே வைத்துவிட வேண்டியதில்லை. சென் ஜோன்சில் படித்தவருக்கு ஜொனியன்ஸ், மத்திய கல்லூரிக்காரருக்குச் சென்றலைட்ஸ், சென் பற்றிக்ஸ் கல்லூரிக்காரருக்குப் பற்றீசியன்ஸ் என்று கழகங்கள் காத்திருக்கின்றன. போரால் லண்டனுக்கும் டொரோண்டோவுக்கும் சிதறிப் போனவர்கள்கூடத் தங்கள் கல்லூரியின் பெயரில் சங்கம் வைத்துக் கைகொடுக்கிறார்கள். கேரளத்தின் தென்கோடியில் நம் காஞ்சிரங்குளம், பாறசாலைப் பக்கம் பள்ளி மீட்டில் ஓடி ஜெயித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிளஸ் டூவோடு நின்றுபோவதை நினைத்தால் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

ஆனால் பள்ளிமீதான அந்தப் பாசமே கதவையும் அடைக்கிறது. ‘நம்ம பள்ளி’ என்ற சொல்லுக்குள் வராதவர் யார் என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடுகிறது. கதவு அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அர்ஜென்டினாவைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. பியூனஸ் அயர்ஸில் அலெக்ஸாண்டர் வாட்சன் ஹட்டன் நிறுவிய ஆங்கிலப் பள்ளியின் பழைய மாணவர்கள் ‘அலும்னி’ என்ற பெயரில் ஆடினார்கள். 1900-க்கும் 1911-க்கும் இடையில் பத்து முறை நாட்டின் சாம்பியன் பட்டம் அவர்களுக்கே போனது. அவ்வளவு பெரிய அணி, பணத்துக்கு ஆடும் காலம் வருவதற்கு வெகு முன்பே, ஆள் திரட்ட முடியாமல் கலைந்தது. அதன் ஆட்டக்காரர்களில் பலர் கில்மெஸ் கழகத்துக்குப் போய் 1912-இல் அதற்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்கள். திறமை தீர்ந்துவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று. ஒரு பள்ளியிலிருந்தும் பிரவுன் சகோதரர்கள் போன்ற ஒருசில குடும்பங்களிலிருந்தும் மட்டுமே ஆள் எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு தலைமுறை ஓய்ந்ததும் அடுத்த வரிசை எங்கிருந்து வரும்?

அதே நாட்டில் ரொசாரியோ நகரத்தில், ஐசக் நியூவெல் என்ற ஆசிரியரின் பள்ளியில் படித்தவர்கள் 1903-இல் தொடங்கிய கழகம் நியூவெல்ஸ் ஓல்டு பாய்ஸ். பெயரிலேயே ‘பழைய மாணவர்’ இருக்கிறது. ஆனாலும் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது திறந்துவிட்டது. அந்தப் பள்ளியோடு எந்தத் தொடர்பும் இல்லாத லியோனல் மெஸ்ஸி என்ற சிறுவன் பார்சிலோனாவுக்குப் போகும்வரை பந்து பழகியது அங்கேதான். லண்டனில் 1876-இல் ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் தொடங்கிய சாரசன்ஸ் ரக்பி கழகமும் இப்படி விரிந்தே இன்றுவரை நிற்கிறது. இளவாலையில் புனித ஹென்றியரசர் கல்லூரியின் பெயரைத் தாங்கும் யங் ஹென்றிஸ் கால்பந்து அணியை அந்த ஊரின் அணியாகவே யாழ்ப்பாணத்தார் அறிவார்கள்.

எல்லோரையும் சேர்த்தால் பள்ளியின் அடையாளம் கரைந்துவிடும் என்று சொல்வார்கள். நியூவெல் என்ற ஆசிரியரின் பெயரை இன்று உலகம் உச்சரிப்பதே அந்தத் திறந்த கழகத்தால்தான் என்பது என் பதில். பணம் போடுகிறவருக்கு முன்னுரிமை வேண்டாமா என்பது இன்னும் நியாயமான வாதம். நிர்வாகத்தில் அந்த உரிமை இருக்கட்டும். பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அது நுழையக் கூடாது. செல்வம் களத்தில் செல்லாது என்பதற்குப் பழைய உதாரணமே உண்டு. 1883-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில், பெரும் செல்வந்தர் பள்ளியான ஈட்டனின் பழைய மாணவர் அணி, நெசவாலைத் தொழிலாளர்களைக் கொண்ட பிளாக்பர்ன் ஒலிம்பிக்கிடம் தோற்றது. அதற்குப் பிறகு எந்தப் பழைய மாணவர் அணியும் அந்த இறுதி ஆட்டத்தை எட்டவில்லை.

நம் பக்கத்துக்கு இதெல்லாம் பொருந்தாது, இங்கே அரசுப் பள்ளியிலும் எய்டட் பள்ளியிலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்களே என்ற மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மலையாளம், தமிழ், ஆங்கிலம் என்று ஒரே தெருப் பிள்ளைகள் காலையில் வெவ்வேறு பள்ளி வண்டியில் ஏறுகிறார்கள். பாதியில் படிப்பை விட்டவனும் இருக்கிறான். பூவாறு, பொழியூர்க் கடற்கரையில் பந்தாட்டம் வளர்ந்தது மணலிலும் ஊர்க் கழகங்களிலும்தான். 2018-இல் கொல்கத்தாவில் சந்தோஷ் கோப்பையை வென்ற கேரள அணியில் பொழியூரைச் சேர்ந்த சீசன் என்ற வீரர் ஆடினார். அந்தக் கரையில் போய் எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டு அணி சேர்ப்பது அநியாயம். ஆண்கள் பள்ளியின் பெயரில் அமையும் கழகத்தில் பெண்பிள்ளைகளுக்கு இடமே இல்லாமல் போவது அதைவிடப் பெரிய அநியாயம். அதை யாரும் குறையாகக்கூடச் சொல்வதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இங்கே ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப் இல்லாத ஊர் அரிது. பழைய மாணவர் சங்கங்களோ பெரும்பாலும் ஒன்றுகூடல், ஆசிரியருக்குப் பொன்னாடை, குழுப்படம் என்று நின்றுவிடுகின்றன. இந்தச் சங்கங்களிடம் பணமும் பள்ளி மைதானத்துக்கான வழியும் இருக்கின்றன. அந்தக் கிளப்புகளிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளி விட்டதும் முதல் ஒரு மணிநேரம் மைதானம் இப்போது படிக்கும் மாணவர்க்கு, அதன்பின் ஊரில் யார் வந்தாலும் அவர்க்கு, வாரத்தில் சில மாலைகள் பெண்களுக்கு மட்டும் என்று பள்ளி நிர்வாகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்து, பயிற்சியாளரின் சம்பளத்தைச் சங்கம் ஏற்றுக்கொள்ளலாம். அடுத்த ஒன்றுகூடலின் பந்தல் செலவில் ஒரு பகுதியே அதற்குத் தொடக்கமாக அமையும்.